பாக்கெட் பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா? பெட்டி மேல இருக்குற படத்தை மட்டும் நம்பாதீங்க!

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள்ள நுழையுறீங்கன்னு வெச்சுக்கோங்க. தோட்டா ஷெல்ஃபில் ரெண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரெண்டும் ஒரே துப்பாக்கிக்கானதுதான். முதல் பெட்டியில் 50 தோட்டா, சாதாரண டிசைன். ரெண்டாவது பெட்டியில் 20 தோட்டாதான், ஆனா ஒரு தோட்டாவுக்கான விலை முதல் பெட்டியைவிட ரொம்ப அதிகம். பெட்டி மேல பூ மாதிரி விரிஞ்ச புல்லட்டோட படம் பளபளன்னு இருக்கும். ‘தற்காப்புக்கு’ன்னு சொன்னா, கடைக்காரர் கை தானா ரெண்டாவது பெட்டிக்குத்தான் போகும்.

பெரிய துப்பாக்கின்னா அது பெரும்பாலும் சரியான பதில். ஆனா, உங்ககிட்ட இருக்குறது பேன்ட் பாக்கெட்டுக்குள்ள அடங்குற குட்டி பிஸ்டல்னா, அந்தப் பூ படம் உங்களை ஏமாத்த வாய்ப்பு இருக்கு. ஏன், எப்படி, அப்போ எதைத்தான் வாங்குறது? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

குட்டி பிஸ்டல்... எவ்வளவு குட்டி?

ஜான் பிரவுனிங்னு ஒரு அமெரிக்க டிசைனர். இன்னிக்கு உலகம் முழுக்க இருக்குற பாக்கெட் பிஸ்டல் தோட்டாக்களில் மூணு இவரோட கைவண்ணம்தான். 1899-ல் .32 ஏ.சி.பி, 1905-ல் .25 ஏ.சி.பி, 1908-ல் .380 ஏ.சி.பி. இதுல .380-க்கு ‘9 மி.மீ குர்ஸ்’னு இன்னொரு பேர் உண்டு. ‘குர்ஸ்’னா ஜெர்மன்ல குட்டைன்னு அர்த்தம். போலீஸ்காரங்க வெச்சிருக்குற 9 மி.மீ தோட்டாவோட உறை 19 மி.மீ நீளம். இது 17 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ-தான். ஆனா, அதைவிட முக்கியமான விஷயம், உள்ளே உருவாகுற அழுத்தமும் இதுல ரொம்பக் குறைவு.

2008-ல் வந்த ருகர் எல்.சி.பி இந்த வகைக்கு நல்ல உதாரணம். குழலோட நீளம் 2.75 அங்குலம். தோட்டா இல்லாம எடை சுமார் 270 கிராம், அதாவது ஒரு பெரிய ஸ்மார்ட்போனைவிட கொஞ்சம்தான் அதிகம். மேகசின்ல 6 தோட்டா. தினமும் கூடவே வெச்சிருக்க முடியும்ங்கிறதுதான் இதோட பலம். மத்த எல்லாத்துலயும் விட்டுக்கொடுத்துதான் அந்த பலத்தை வாங்கியிருக்காங்க.

தோட்டாவுக்குள்ள என்ன இருக்கு?

நாம ‘குண்டு’ன்னு மொத்தமா சொல்றதுல நாலு பாகம் இருக்கு. வெளியே இருக்குற பித்தளை உறை. அதோட அடியில் தீப்பொறியைக் கிளப்புற பிரைமர். உள்ளே வெடிமருந்து. மேல உட்கார்ந்திருக்குற புல்லட். டிரிகரை அழுத்தினா புல்லட் மட்டும்தான் முன்னாடி போகும். உறை பக்கத்துல துள்ளி விழும்.

புல்லட்டோட எடையை ‘கிரெய்ன்’னு ஒரு அளவுல சொல்லுவாங்க. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். பெட்டியில் ‘90 கிரெய்ன்’னு போட்டிருந்தா அது வெடிமருந்தோட அளவுன்னு நினைச்சுடாதீங்க. புல்லட்டோட எடை. 90 கிரெய்ன்னா 6 கிராமுக்கும் கொஞ்சம் கம்மி.

கடையில் கிடைக்குற புல்லட்ல ரெண்டு வகை முக்கியம். ஒண்ணு, ஈயத்தைச் சுத்தி செம்புக் கவசம் போட்ட உருண்டை மூக்கு புல்லட். ஃபுல் மெட்டல் ஜாக்கெட், சுருக்கமா எஃப்.எம்.ஜே. இது வடிவம் மாறாம நேரா போகும். இன்னொண்ணு, மூக்குல குழி இருக்குற ஹாலோ பாயின்ட். ஈரமான எதுலயாவது நுழையும்போது அந்தக் குழிக்குள்ள அழுத்தம் ஏறி, புல்லட் வெளிப்பக்கமா விரியும். பெட்டி மேல இருக்குற பூ இதுதான்.

கொல்கத்தாவில் ஆரம்பிச்ச கதை

விரியுற புல்லட்டுக்கும் நம்ம நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1890-கள்ல கொல்கத்தா பக்கத்துல இருக்குற டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக இப்படி விரியுற ரைஃபிள் புல்லட்டைத் தயாரிச்சாங்க. அதனாலதான் இன்னிக்கும் உலகம் முழுக்க இதை ‘டம்டம் புல்லட்’னு சொல்றாங்க. தேவையில்லாத கொடூரம்னு எதிர்ப்பு கிளம்பி, 1899 ஹேக் பிரகடனத்துல போர்ல இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க.

‘அப்புறம் எப்படி போலீஸ் இதைப் பயன்படுத்துது?’ன்னு கேட்கலாம். அந்தப் பிரகடனம் நாடுகளுக்கு இடையிலான போருக்குத்தான். ஊருக்குள்ள கணக்கே வேற. 1990-கள் கடைசியில் நியூயார்க் போலீஸ் எஃப்.எம்.ஜே-யை விட்டுட்டு ஹாலோ பாயின்ட்டுக்கு மாறினாங்க. குற்றவாளியைத் துளைச்சுக்கிட்டு வெளியே போற புல்லட், ரோட்டுல நிக்குற அப்பாவிகள் மேலயும், சக போலீஸ்காரங்க மேலயும் பட்டதுதான் முக்கியக் காரணம். விரிஞ்ச புல்லட் வேகம் குறைஞ்சு உள்ளேயே நின்னுடும். போர்க்களத்துல கொடூரம்னு சொன்ன அதே குணம், கூட்டமான தெருவுல பாதுகாப்பா பார்க்கப்படுது.

12 அங்குலம்னு ஒரு கணக்கு

1986 ஏப்ரல் 11, மயாமி. ரெண்டு கொள்ளையர்களை எஃப்.பி.ஐ அதிகாரிகள் மடக்கினாங்க. சண்டையின் ஆரம்பத்துலயே ஒரு 9 மி.மீ ஹாலோ பாயின்ட் புல்லட் கொள்ளையர்கள்ல ஒருத்தனோட கையைத் துளைச்சு மார்புக்குள்ள போச்சு. ஆனா, இதயத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு. அதுக்கு அப்புறமும் அவன் சண்டை போட்டு, ரெண்டு அதிகாரிகளைக் கொன்னான். 5 அதிகாரிகள் காயமடைஞ்சாங்க. கடைசியில் கொள்ளையர்கள் ரெண்டு பேரும் செத்தாங்க.

புல்லட் சரியா வேலை செஞ்சது. விரிஞ்சது. ஆனா போதுமான ஆழம் போகல. இந்த ஒரு சம்பவம்தான் அமெரிக்காவில் தோட்டாவைச் சோதிக்கிற முறையையே மாத்துச்சு. மனித தசைக்கு இணையா 10 சதவிகித ஜெலட்டின்ல ஒரு கட்டி செஞ்சு, அதுல சுட்டுப் பார்ப்பாங்க. குறைஞ்சது 12 அங்குலம் போகணும். 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சென்டிமீட்டர்ல சொன்னா சுமார் 30-ல் இருந்து 46 வரை.

‘மனுஷ உடம்பு 12 அங்குலம் தடிமன் இல்லையே?’ சரியான கேள்வி. ஆனா எதிர்ல இருக்குறவர் எப்பவும் நேரா நிக்க மாட்டார். பக்கவாட்டுல திரும்பியிருக்கலாம், கை குறுக்கே நீட்டியிருக்கலாம், கனமான ஜாக்கெட் போட்டிருக்கலாம். மயாமியில் நடந்ததும் அதுதான். இதையெல்லாம் சேர்த்துதான் 12. துணியோட தாக்கத்தைப் பார்க்க, ஜெலட்டினுக்கு முன்னாடி நாலு அடுக்கு டெனிம் துணி வெச்சு சுடுற சோதனையும் உண்டு.

குட்டி துப்பாக்கியோட பட்ஜெட் பிரச்னை

இப்போ விஷயத்துக்கு வருவோம். புல்லட்டோட சக்தியை மாசச் சம்பளம் மாதிரி நினைச்சுக்கோங்க. விரியறதும் ஒரு செலவு, ஆழம் போறதும் ஒரு செலவு. போலீஸ் துப்பாக்கிக்கு ரெண்டு செலவையும் சமாளிக்கிற சம்பளம் இருக்கு. பாக்கெட் பிஸ்டலுக்கு இல்லை. நல்லா விரிஞ்சா 12 அங்குலத்துக்கு முன்னாடியே நின்னுடும். ஆழமா போகணும்னா விரியாம இருக்கணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பெட்டியில் போட்டிருக்குற வேகம் பெரும்பாலும் 4 அங்குலத்துக்குப் பக்கத்துல இருக்குற டெஸ்ட் குழல்ல அளந்தது. உங்க குழல் 2.75 அங்குலம். வெடிமருந்து முழுசா தள்ளி முடிக்கிறதுக்குள்ள புல்லட் வெளியே வந்துடும். வேகம் குறையும். வேகம் குறைஞ்சா ஹாலோ பாயின்ட் விரியுறதே சந்தேகம். இது போதாதுன்னு, கனமான துணி வழியா போகும்போது அந்தக் குழி துணியால அடைச்சுக்கிட்டா, அது சாதாரண எஃப்.எம்.ஜே மாதிரியே போயிடும்.

ஆக, பாக்கெட் பிஸ்டல்ல ஹாலோ பாயின்ட்டுக்கு ரெண்டு விதமான தோல்வி உண்டு. விரிஞ்சு, ஆழம் போகாம நிக்கிறது. விரியாம, தேவைக்கு மேல போறது. இதுக்கு நடுவுல இருக்குற சின்ன இடத்துலதான் நல்ல தோட்டா இருக்கு. அதைத் தேடுறதுதான் உங்க வேலை.

அளவு வாரியா ஒரு கைடு

.22 எல்.ஆர்: புல்லட் சுமார் 40 கிரெய்ன். விலை கம்மி, உதை கம்மி, பயிற்சிக்கு அருமை. ஆனா இதுல தனி பிரைமர் கிடையாது. உறையோட விளிம்புக்குள்ளேயே அந்த மருந்து இருக்கும். அதனால டிரிகர் அழுத்தியும் வெடிக்காம போற வாய்ப்பு மத்ததைவிட அதிகம். இதைத்தான் வெச்சுக்கணும்னா, விரியுறதை மறந்துட்டு, தரமான, உங்க துப்பாக்கியில் சிக்காம ஓடுற உருண்டை மூக்கு தோட்டாவைப் பாருங்க.

.25 ஏ.சி.பி: எஃப்.எம்.ஜே புல்லட் 50 கிரெய்ன். சக்தியில் .22-க்குப் பெரிய வித்தியாசம் இல்லை. தனி பிரைமர் இருக்குறதால நம்பகத்தன்மை கூடுதல். இதுலயும் எஃப்.எம்.ஜே-தான் வழக்கமான சிபாரிசு.

.32 ஏ.சி.பி: எஃப்.எம்.ஜே 71 கிரெய்ன், ஹாலோ பாயின்ட் சுமார் 60 கிரெய்ன். இதுல ஒரு விசேஷப் பிரச்னை உண்டு. உறையோட அடியில் விளிம்பு லேசா வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள் நீளம் குறைவுங்கிறதால மேகசினுக்குள்ள முன்னும் பின்னும் ஆடும். அப்போ மேல இருக்குற தோட்டாவோட விளிம்பு, கீழ இருக்குறதோட விளிம்புக்குப் பின்னாடி போய் மாட்டிக்கும். ‘ரிம் லாக்’னு பேர். அவசரத்துல கையால சரி பண்ணவே முடியாத சிக்கல் இது. அதனால .32-ல பலரும் நீளமான எஃப்.எம்.ஜே-யையே நம்புறாங்க.

.380 ஏ.சி.பி: 90-ல் இருந்து 99 கிரெய்ன். ஹாலோ பாயின்ட்டைப் பத்தி யோசிக்கவே ஆரம்பிக்கலாம்னா அது இங்கதான். ஹார்னடி எக்ஸ்.டி.பி புல்லட் போட்ட 90 கிரெய்ன் தோட்டாக்கள் அளவா விரிஞ்சு ஆழமும் போகும்னு பேர் வாங்கினவை. ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபன்ஸ்ல குழிக்குள்ள துணி அடைக்காம இருக்க ஒரு சிவப்பு பாலிமர் முனை வெச்சிருப்பாங்க. ஃபெடரல் மைக்ரோ ஹெச்.எஸ்.டி 99 கிரெய்ன், குட்டைக் குழலை மனசுல வெச்சு உருவாக்கினது. விரியுறதை நம்பாம, மூக்குல பள்ளம் வெட்டின முழுச் செம்பு புல்லட்டுகளும் இருக்கு. எதுவா இருந்தாலும், உங்க குழல் நீளத்துல, துணி வெச்சு பண்ணின ஜெலட்டின் சோதனை முடிவைப் பார்க்காம வாங்காதீங்க.

கடையில் நிக்கும்போது கேட்க வேண்டியவை

* பெட்டியில் இருக்குற அளவும், துப்பாக்கிக் குழல் மேல பொறிச்சிருக்குற அளவும் ஒண்ணா? ‘9 மி.மீ’ன்னு ரெண்டுலயும் இருந்தாலும் .380-யும் 9 மி.மீ லூகரும் வேற வேற. மாத்திப் போடவே கூடாது.

* ‘+பி’ன்னு போட்டிருக்கா? அதிக அழுத்தத் தோட்டான்னு அர்த்தம். 9 மி.மீ-க்கு இதுக்கு அமெரிக்கத் தொழில் தரநிலை இருக்கு. .380-க்கு அப்படி ஒரு தரநிலையே இல்லை. அதனால அந்தப் பெட்டியில் எவ்வளவு அழுத்தம்னு தரநிலையை வெச்சு சொல்ல முடியாது. 270 கிராம் துப்பாக்கிக்கு இந்த ரிஸ்க் தேவையில்லை.

* உங்க துப்பாக்கியோட கையேடு என்ன சொல்லுது? சில கம்பெனிகள் சில வகைத் தோட்டாவை வேணாம்னே எழுதியிருப்பாங்க.

* உங்க மாநிலத்துல அனுமதி இருக்கா? நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட்டை வீட்டுல வெச்சிருக்கலாம், பயிற்சிக்கு எடுத்துட்டுப் போகலாம். வெளியே இடுப்புல வெச்சுக்கிட்டு நடக்குறதுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கு.

வாங்கிட்டீங்க... அப்புறம்?

இங்கதான் பெரும்பாலானவங்க கோட்டை விடுறாங்க. விலை ஜாஸ்தின்னு 20 தோட்டா பெட்டி ஒண்ணு வாங்கி, மேகசின்ல போட்டுட்டு, ஒண்ணைக்கூட சுட்டுப் பார்க்காம வெச்சுடுவாங்க. குட்டி பிஸ்டலுக்குள்ள ஸ்பிரிங், ஸ்லைடு எல்லாமே இடம் நெருக்கி அமைச்சிருக்கும். ஒரு புல்லட்டோட மூக்கு வடிவம் பிடிக்கலைன்னா அது சிக்கிடும். உங்க ஃப்ரெண்டோட அதே மாடல்ல சூப்பரா ஓடினது உங்களோடதுல ஓடாம போகலாம். அதனால தேர்ந்தெடுத்த தோட்டாவில் ரெண்டு, மூணு பெட்டியாவது பயிற்சி மைதானத்துல சுட்டுப் பாருங்க. ஒரு தடவை சிக்கினாலும் வேற தோட்டாவுக்கு மாறுங்க. ஜெலட்டின்ல முதல் மார்க் வாங்கினாலும், உங்க துப்பாக்கியில் ஓடலைன்னா அது வெறும் உலோகத் துண்டுதான்.

தினமும் ராத்திரி துப்பாக்கியைக் காலி பண்ணி, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏத்துற பழக்கம் இருக்கா? கவனம். ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் மூக்கு இடிச்சு, புல்லட் உறைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். உள்ளே இடம் குறைஞ்சா வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா பக்கத்துல வெச்சுப் பாருங்க. குட்டையா தெரிஞ்சா அதைச் சுட வேணாம், ஒதுக்கிடுங்க.

சினிமால ஹீரோ சுட்டதும் வில்லன் பத்தடி பறப்பான். நிஜத்துல எந்தக் கைத்துப்பாக்கி புல்லட்டும் யாரையும் பறக்க வைக்காது. எங்கே படுது, எவ்வளவு ஆழம் போகுது, அவ்வளவுதான். குட்டி பிஸ்டல்ல பிடி சின்னது, உதை அதிகம், குறி பார்க்குறதும் கஷ்டம். அதனால விலை உயர்ந்த தோட்டாவுக்கு ஒதுக்குற காசுல பாதியை, மலிவான எஃப்.எம்.ஜே வாங்கிப் பயிற்சி எடுக்குறதுக்கு ஒதுக்குறது புத்திசாலித்தனம்.

சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

அமெரிக்க வீடுகள்ல உள்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகைதான். செங்கல் இல்லை. எந்தத் தோட்டாவா இருந்தாலும் அதைத் துளைச்சுக்கிட்டுப் போயிடும். ஹாலோ பாயின்ட்டோட குழியில் ஜிப்சம் தூள் அடைச்சுக்கிட்டு, அது விரியாமலே அடுத்த ரூமுக்குப் போறதும் உண்டு. ‘குட்டி துப்பாக்கிதானே, சுவரைத் தாண்டாது’ங்கிற நினைப்பு ரொம்ப ஆபத்தானது. அடுத்த ரூம்ல குழந்தை தூங்குதான்னு யோசிக்க வேண்டியது தோட்டா இல்லை, நீங்கதான்.

இன்னும் ஒரு உண்மை. அமெரிக்காவில் துப்பாக்கியால நடக்குற மரணங்கள்ல பாதிக்கும் மேல தற்கொலைகள். வெளியே இருந்து வர்ற திருடனை நினைச்சு வாங்குற துப்பாக்கி, வீட்டுக்குள்ள இருக்குறவங்க கைக்குத்தான் முதல்ல எட்டும். உங்க வீட்டுல யாராவது மன அழுத்தத்துல இருந்தா, எந்தத் தோட்டாங்கிற கேள்வியையே ஒத்திப்போட்டுட்டு, துப்பாக்கி இப்போ வீட்டுல இருக்கணுமாங்கிறதை முதல்ல யோசிங்க. இருக்குற துப்பாக்கியைப் பூட்டி வைங்க. தோட்டாவைத் தனியா பூட்டி வைங்க.

அங்கே இருக்குற நம்ம ஆளுங்களுக்கு...

ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்குறவங்க, எஃப்-1 விசாவில் படிக்கிறவங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். அமெரிக்க மத்திய சட்டப்படி, இந்த மாதிரி தற்காலிக விசாவில் இருக்குறவங்க துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாகூட வெச்சிருக்கக் கூடாது. முறையான வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. மீறினா 15 வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனை விதிக்க முடியும். கிரீன் கார்டு வாங்கினவங்களுக்கு இந்தத் தடை இல்லை. ‘வீக் எண்ட்ல ஃப்ரெண்ட்ஸோட ஷூட்டிங் ரேஞ்ச் போறோம்’னு கிளம்புறதுக்கு முன்னாடி உங்க விசாவை ஒரு தடவை பாருங்க.

ஊருக்கு வரும்போது இன்னொரு கண்டம் இருக்கு. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன அதே பேக்ல துணியை அடுக்கி விமானம் ஏறிடுவாங்க. மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடக்கும். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாம தோட்டா வெச்சிருக்குறது 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி குற்றம். ‘எனக்கே தெரியாது’ன்னு கோர்ட்ல நிரூபிச்சு வெளியே வரலாம். ஆனா, அதுக்குள்ள ஃப்ளைட் போயிருக்கும், எஃப்.ஐ.ஆர் வந்திருக்கும், லீவு முழுக்க வக்கீல் ஆபீஸ்ல கழிஞ்சிருக்கும். ரேஞ்சுக்குன்னு தனி பேக் வெச்சுக்கோங்க. அதை ஏர்போர்ட் பக்கமே கொண்டு வராதீங்க.

சரி, கடைசியா அந்த ஷெல்ஃபுக்குத் திரும்புவோம். .22, .25, .32-ன்னா பூ படத்தை விட்டுட்டு, சிக்காம ஓடுற சாதாரணத் தோட்டா. .380-ன்னா, குட்டைக் குழல்ல, துணி தாண்டியும் 12 அங்குலம் போகுதுன்னு சோதனையில் தெரிஞ்ச ஹாலோ பாயின்ட். அப்படி ஒண்ணு உங்க துப்பாக்கியில் ஓடலைன்னா, 18 அங்குலத்தைத் தாண்டிப் போகும்ங்கிற கவனத்தோட எஃப்.எம்.ஜே. எதை எடுத்தாலும் ரெண்டு பெட்டியா எடுங்க. ஒண்ணு வெச்சிருக்க, இன்னொண்ணு இந்த வாரமே சுட்டுப் பார்க்க!